பூவோடு இருக்கும் ஆர்க்கிட்: இப்போதே தொட்டி மாற்றுவதா, காத்திருப்பதா?

கடையில் ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் பெரும்பாலும் பூவோடுதான் கிடைக்கும். வேரோ ஈரப் பாசியிலோ (ஸ்பேக்னம் மாஸ்) தேங்காய் மட்டைத் துண்டுகளிலோ இறுகிக் கிடக்கும். பூ அழகாக இருக்கிறதே என்று விடுவதும், வந்த அன்றே பிரித்துப் போடுவதும் இரண்டுமே அவசர முடிவு. முதலில் செடியை மெல்லத் தூக்கி வேரைப் பாருங்கள். காய்ந்தால் வெள்ளிச் சாம்பல், நனைந்தால் பச்சை, அழுத்தினால் கெட்டி: அது நல்ல வேர். பழுப்பாகிக் கொழகொழத்து, இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர்.

பெரும்பாலான வேர் நன்றாக இருந்தால் காத்திருப்பதே நல்லது. பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். அதுவரை செடி தாங்கும். துளையில்லாத பீங்கான் உறைத்தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். பாசியின் மேற்பரப்பு மொறுமொறுப்பாகி, தொட்டி கையில் லேசாகத் தெரிந்த பிறகே தண்ணீர். மழைக்காலத்தில் பத்து நாளாகியும் பாசி காயவில்லையென்றால் இந்த வழி ஆபத்தாகிறது.

வேர்க்கட்டியைக் கலைக்காமல் 4 அங்குலத் தொட்டியிலிருந்து 5 அங்குலத்துக்கு அப்படியே இறக்குவது பலருக்கும் பிடித்த சமரசம். பூ உதிராது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஈரப் பாசி, வெளியே புதிதாகப் போட்ட, சீக்கிரம் காயும் கரிக் கலவை. வெளிப்புறம் காய்ந்ததைப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற, நடுப்பகுதி அழுகும். பழைய கலவையும் புதியதும் ஒரே வகையாக, பழையது கெடாமல் இருந்தால் மட்டும் இதைச் செய்யலாம். பாசியில் வளர்ந்த செடிக்கு வேண்டாம்.

கலவை புளித்த நாற்றம் அடித்து, வேரில் பாதியாவது பிழைத்திருந்தால் பூவோடேயே முழுதாக மாற்றலாம். விலை மொட்டுகள்தான். வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை நசுங்கினால் நீர் உறிஞ்சுவது குறையும். செடி முதலில் மொட்டைக் கைவிடும், அது மஞ்சளாகி உதிரும். விரிந்த பூக்கள் பல நேரம் தப்பும்.

தேங்காய் மட்டைத் துண்டுகளை 24 மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். அடுப்புக்கரி இரண்டு பங்கு, ஓட்டுச்சில்லு ஒரு பங்கு, மட்டைத் துண்டு ஒரு பங்கு. எல்லாம் ஒன்றிரண்டு செ.மீ. அளவில். பூந்தண்டை முதலில் குச்சியில் கட்டிவிட்டு, பழைய பாசியைத் தண்ணீரில் நனைத்து விரலால் பிரியுங்கள். நடுவில் நாற்றுப் பருவத்துப் பாசி உருண்டையோ பிளாஸ்டிக் கூடையோ ஒளிந்திருக்கும். அழுகல் அங்கேதான் தொடங்குகிறது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் செத்த வேரை வெட்டுங்கள். இலவங்கப்பட்டைப் பொடி தடவச் சொல்வார்கள்; அது நல்ல வேரையும் உலர்த்திவிடும், தண்டில் வெட்டிய இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் நிழலில் வைத்து, பிறகு தண்ணீர். உரம் மூன்று வாரம் கழித்து. முன்பு வெளிச்சம் பார்த்த பக்கமே மறுபடியும் வெளிச்சம் பார்க்கட்டும், இல்லையேல் மிஞ்சிய மொட்டுகள் கோணலாகத் திரும்பும்.

இலை தொய்ந்து சுருங்கி, நல்ல வேர் இரண்டு மூன்றுதான் மிச்சம் என்றால் தயங்காமல் பூந்தண்டை அடியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். குவளையில் வைத்தால் பூ ஒன்றிரண்டு வாரம் வரும். செடியை, மிஞ்சிய வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டியில் வையுங்கள். பெரிய தொட்டியில் காயாத கலவை மீதி வேரையும் தின்றுவிடும்.

டென்ட்ரோபியம் என்ற இன்னோர் ஆர்க்கிட் வகைக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். பூ முடிந்தது போதாது; புதுக் குருத்தின் அடியில் வேர் நுனி ஒன்றிரண்டு செ.மீ. நீளும்போது மாற்றினால்தான் புதுக் கலவையை உடனே பிடிக்கும். மரக்கூடையில் வேரைத் தொங்கவிட்டு வளரும் வாண்டா வகை ஆர்க்கிட்டுக்குக் கூடை உளுத்துப்போகும்வரை இந்தக் கேள்வியே எழாது.