சியரா நெவாடா பனி: குழாயா, மெத்தையா, விமானமா?

கலிபோர்னியாவின் தண்ணீரில் ஏறத்தாழ 30 சதவீதம் சியரா நெவாடா மலைத்தொடரில் பனியாகப் பெய்து, குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்து, வெயில் ஏறியதும் உருகி வருவது. மேலே எவ்வளவு பனி கிடக்கிறது என்பதை அணை அதிகாரி பார்க்கிறார், விவசாயி பார்க்கிறார், சனிக்கிழமை டாஹோ ஏரிப் பக்கம் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலமான காலணி) மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பும் என்னைப் போன்றவர்களும் பார்க்கிறோம். பார்ப்பதற்கு வழிகள் ஏராளம். எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நான் நிலைகொண்டது தானியங்கி நிலையங்களின் தினசரி அளவுகளில்தான். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல.

செயற்கைக்கோள் படங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நாசாவின் மோடிஸ் கருவி தினமும் படம் எடுக்கிறது, ஆனால் 500 மீட்டர் கட்டங்களாக. ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் வரை நுணுக்கமாகக் காட்டுகிறது, ஐந்து நாளுக்கு ஒருமுறை. இரண்டிலும் பனி எங்கே இருக்கிறது என்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. அரையடிப் பனியும் பத்தடிப் பனியும் மேலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளை. ஜூன் மாதத்தில் எந்தக் கணவாய் திறந்திருக்கிறது என்று பார்க்க சென்டினலை மிஞ்ச ஆளில்லை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பனிச்சறுக்கு மையங்கள் காலையில் வெளியிடும் புதுப்பனி ஆழமும் அப்படித்தான்: பயன் உண்டு, ஆனால் டிக்கெட் விற்பவர் சொல்லும் கணக்கு அது.

கையால் அளப்பது இவற்றுக்கெல்லாம் மூத்தது. நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த ஜேம்ஸ் சர்ச், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலையில் ஒரு குழாயைப் பனிக்குள் இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு தூக்கி எடை போட்டுப் பார்த்தார். இன்றும் அதே முறைதான். குழாயின் முனை ஏறக்குறைய ஒன்றரை அங்குல விட்டத்தில் கணக்காகச் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே வரும் பனி ஒரு அவுன்ஸ் எடை இருந்தால் அந்த இடத்துப் பனி உருகினால் ஒரு அங்குல உயரத் தண்ணீர் நிற்கும். மலைமேல் நின்றுகொண்டு பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம். கலிபோர்னியாவில் இந்த அளவீடு 1929 முதல் கூட்டுத் திட்டமாக நடக்கிறது. தொலைக்காட்சிக் கேமராக்கள் கூடும் பிலிப்ஸ் நிலையத்தில் 1941 முதல் அளக்கிறார்கள். 2015 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அங்கே வந்தபோது காலடியில் காய்ந்த புல் மட்டுமே இருந்தது. மாநிலம் முழுவதற்கும் சராசரியில் வெறும் 5 சதவீதப் பனி. நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டில் 25 சதவீதக் குறைப்பை அவர் அன்றே அறிவித்தார்.

இத்தனை ஆண்டுப் பதிவு வேறு எந்த முறைக்கும் கிடையாது. குறை என்னவென்றால், பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் அளக்கிறார்கள். 2021 டிசம்பரில் டானர் கணவாய் அருகே உள்ள மத்திய சியரா பனி ஆய்வகத்தில் 17 அடிக்கு மேல் பனி பெய்தது. டிசம்பர் மாதச் சாதனை. ஆண்டு இறுதி அளவீடு வந்ததும் வறட்சி தீர்ந்தது போலப் பேச்சு கிளம்பியது. அதன்பிறகு மூன்று மாதங்கள் வானம் பொய்த்தது. 2022 ஏப்ரல் 1 அன்று கையில் இருந்தது சராசரியில் 38 சதவீதம். மாத அளவைக்குக் காத்திருந்தவர்களுக்கு இது தவணை முறையில் தெரிந்தது. தானியங்கி நிலையங்களின் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு ஜனவரி நடுவிலேயே கோடு படுத்துவிட்டது கண்ணில் பட்டது.

இனி நான் சாய்ந்த பக்கம். காட்டின் நடுவே ஒரு வெட்டவெளி. தரையில் ஒரு சிறிய அறை அகலத்துக்கு மெத்தை போன்ற ஒரு பை. அதற்குள் உறையாத திரவம். ஸ்னோ பில்லோ என்று பெயர். மேலே பனி ஏற ஏற அழுத்தம் கூடுகிறது, கருவி அதைத் தண்ணீரின் அங்குலமாக மாற்றி அனுப்புகிறது. பக்கத்துக் கம்பத்தில் பனியின் ஆழத்தைப் பார்க்கும் ஒலி உணரி, வெப்பமானி, மழைமானி. அமெரிக்க வேளாண் துறையின் ஸ்னோடெல் வலையமைப்பில் மேற்கு மாநிலங்கள் முழுவதும் 900க்கும் அதிகமான நிலையங்கள் உள்ளன. சியராவில் அவை பெரும்பாலும் டாஹோவைச் சுற்றியும் கிழக்குச் சரிவிலும் இருக்கின்றன; மற்ற பகுதிகளை மாநில நீர்வளத் துறையும் அதன் கூட்டாளிகளும் வைத்திருக்கும் உணரிகள் கவனித்துக்கொள்கின்றன. எல்லா அளவுகளும் இணையத்தில் இலவசம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: ஒரே இடத்தின் ஆழமும் எடையும் நாள்தோறும் அருகருகே கிடைப்பது. ஆழத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறாமல் இருக்க முடியாது. ஏப்ரலில் ஒரு நிலையம் ஆழம் 60 அங்குலம், நீரளவு (உருகினால் நிற்கும் தண்ணீரின் உயரம்) 24 அங்குலம் என்று காட்டினால் அடர்த்தி 40 சதவீதம். அது முதிர்ந்த பனி, இன்னும் கொஞ்சம் வெயில் பட்டால் தண்ணீரை விடத் தொடங்கிவிடும். டிசம்பரில் அதே 60 அங்குலம் வெறும் 9 அங்குலத் தண்ணீராக இருக்கலாம். அது புதுப்பனி, காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கும்.

அதைவிட முக்கியம் மாற்றத்தைப் படிப்பது. ஒரு வாரத்தில் ஆழம் ஓர் அடி குறைந்து நீரளவு அசையாமல் இருந்தால் பனி உருகவில்லை, தன் பாரத்தால் அமுங்கியிருக்கிறது. பனியெல்லாம் போய்விட்டது என்று நண்பர்கள் பயணத்தை ரத்து செய்வது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். ஆனால் நடப்பதற்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் தண்ணீர் கிளம்பிவிட்டது. ஆழம் குறைந்து நீரளவு கூடினால் பனியின் மேல் மழை பெய்திருக்கிறது. பனி அதைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த மூன்றாவது நிலையைக் கண்டால் கீழே ஆற்றங்கரையில் கூடாரம் போட நான் போக மாட்டேன். 1997 புத்தாண்டில் பனிமேல் பெய்த வெதுவெதுப்பான மழைதான் யோசமிட்டிப் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது.

மே மாதம் உயரத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. நிலையத்தின் நீரளவு நாளுக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்துகொண்டிருந்தால் ஓடைகள் பொங்கும்; கடப்பதானால் விடியற்காலையில் கடக்க வேண்டும், பகல் வெயிலில் உருகியது மாலையிலும் இரவிலும்தான் வந்து சேரும். கூடவே இரவு வெப்பத்தையும் பார்த்துவிடுங்கள். உறைநிலைக்குக் கீழே இறங்காத இரவுக்கு அடுத்த நாள் பனி இறுகாது; ஒன்பது மணிக்கெல்லாம் ஒவ்வோர் அடியும் தொடை வரை புதையும்.

ஸ்னோடெல் நிலையங்களில் மண்ணின் ஈரத்தையும் அளக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2021 வசந்தத்தில் வறண்ட மண் உருகிய நீரை உறிஞ்சிக்கொண்டது. சாக்ரமெண்டோ ஆற்றையும் அதன் துணை ஆறுகளையும் பற்றிய கணிப்பில் ஏறக்குறைய 7 லட்சம் ஏக்கர் அடி, அதாவது சுமார் 30 டிஎம்சி, வராமலே போனது. பனியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் மண்ணைப் பார்க்காவிட்டால் கணக்கு உதைக்கும்.

மெத்தைக்கும் நோய்கள் உண்டு. பனிக்குள் பனிக்கட்டி அடுக்கு உருவாகிவிட்டால் அது பாலம்போல நின்று எடையைத் தன்மேல் தாங்கிக்கொள்ளும். மெத்தைக்குக் குறைவாகத் தெரியும். கரடிகள் பையைக் கடித்துக் கிழிப்பதும் உண்டு. குளிர்காலத்தில் பழுதானால் ஆள் போய்ச் சரிசெய்வது எளிதல்ல. ஆகவே ஒரே நிலையத்தை நம்பாமல், பக்கத்து இரண்டு நிலையங்களின் கோடுகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது. இவற்றைவிடப் பெரிய குறை, இவை சமதளமான வெட்டவெளிகளில், பெரும்பாலும் 10,000 அடிக்குக் கீழே இருப்பது. மெத்தை பூஜ்யம் காட்டும் நாளிலும் அதற்கு மேலே சிகரங்களில் வாரக்கணக்கில் உருக வேண்டிய பனி மிச்சம் இருக்கும்.

அந்த ஓட்டையை அடைப்பதுதான் விமானம். நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகமும் மாநில நீர்வளத் துறையும் 2013இல் டுவாலமி ஆற்றுப் படுகையில் தொடங்கிய திட்டம் அது. சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் தரும் ஹெட்ச் ஹெட்சி அணை அங்கேதான் இருக்கிறது. கோடையில் வெறுந்தரையை லேசரால் அளந்து வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் அதே தரையைப் பனியோடு அளக்கிறார்கள். வித்தியாசம் பனியின் ஆழம், மூன்று மீட்டர் கட்டங்களில். அடர்த்தியைக் கணினி மாதிரிக்கணக்காலும் தரையளவாலும் சேர்த்து நீரளவாக்குகிறார்கள். 2019க்குப் பிறகு இந்தத் திட்டம் தனி நிறுவனமாகிவிட்டது. 2023இல் மாநிலப் பனி சராசரியின் இரண்டு மடங்கைத் தாண்டி, வற்றிப்போயிருந்த டுலாரி ஏரி மறுபடி நிரம்பியபோது, தெற்குப் படுகைகளில் இன்னும் எவ்வளவு வரும் என்று சொல்ல இந்தப் பறப்புகள் பெரிதும் உதவின. நான் அணையை நிர்வகிப்பவனாக இருந்தால் யோசிக்காமல் இதற்குத்தான் பணம் கேட்பேன். அதன் அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் மட்டும் எனக்கு உண்டு, தரவைக் கையாண்ட அனுபவம் இல்லை என்பதால் அதற்கு மேல் பேசவில்லை. ஒரு பருவத்தில் சில முறைதான் பறக்கிறார்கள். என் சனிக்கிழமைக்கு அது உதவாது.

ஸ்னோடாஸ் என்ற தேசியக் கணிப்பு வரைபடம் 2003 முதல் ஒரு கிலோமீட்டர் கட்டங்களில் தினமும் வருகிறது. நிலையமே இல்லாத பள்ளத்தாக்குக்குப் போவதானால் அதைப் பார்ப்பேன். ஆனால் ஒரே கட்டத்துக்குள் முகடும் பள்ளமும் அடங்கிவிடுவதால் எண்ணை அப்படியே நம்புவதில்லை.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். போகப்போவது 8,500 அடி என்றால், சாலையோரம் 6,900 அடியில் உள்ள பனி ஆய்வக நிலையத்தைவிட, டாஹோ ஏரியின் மறுகரையில் சுமார் 8,800 அடியில் இருக்கும் மவுண்ட் ரோஸ் நிலையமே உங்களுக்குப் பொருந்தும். பனிச்சரிவு பற்றி மட்டும் இவற்றில் எதையும் கேட்க வேண்டாம். அடுக்குகளுக்குள் எது பலவீனம் என்பதை எடை சொல்லாது. சரிவான இடங்களுக்குப் போகும் நாளில் காலையில் முதலில் திறக்க வேண்டியது சியரா அவலாஞ்ச் சென்டரின் அன்றைய முன்னறிவிப்பு, நிலைய வரைபடம் அதற்குப் பிறகுதான்.