சாலட் ஸ்பின்னர்: கைப்பிடியா, பம்ப்பா, கயிறா? மூடியைப் பாத்து வாங்குங்க

கீரை, கொத்தமல்லி, புதினா எல்லாம் கழுவி ஈரம் போக்க சாலட் ஸ்பின்னர், அதாவது உள்ள இருக்கிற கூடையை வேகமா சுத்தி இலையில இருக்கிற தண்ணியை வெளிய தள்ளுற டப்பா, வாங்கலாமா, வாங்கினா எது நல்லதுன்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். எங்க வீட்டுல இருக்கிறது மேல கைப்பிடியைப் புடிச்சு சுத்துற டைப், அஞ்சு லிட்டர் சைஸ், மூடி ரெண்டா கழண்டு வரும். எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிருக்கு, அதனால அதைப் பத்திதான் அதிகம் பேசுவேன். அக்கா வீட்டுல நடுவுல அழுத்துற பம்ப் டைப், அங்க போனா கீரை வேலை என் கையிலதான், அதனால அதுவும் நல்லா பழக்கம். கயிறு இழுக்குற டைப்பை தெரிஞ்சவங்க வீட்டுல கொஞ்ச தடவை சுத்திப் பாத்ததோட சரி, அதைப் பத்தி நான் சொல்றதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. கீரை வாங்கினா மசியலோ கூட்டோ மட்டும்தான் பண்ணுவீங்கன்னா இது உங்களுக்குத் தேவையே இல்ல. எப்படியும் தண்ணியிலதான் வேகப்போகுது, வடிதட்டுல போட்டு நல்லா ரெண்டு உதறு உதறினா போதும். ஈரம் தொந்தரவு பண்றது வேற இடத்துல. கீரை வடைக்கு அரைச்ச மாவுல ஈரக்கீரையைப் போட்டா மாவு இளகி, எண்ணெய்ல விட்டதும் வடை பிரிஞ்சு போகும். வெந்தயக்கீரை சப்பாத்திக்கு மாவு பிசையுறப்ப தண்ணி அளவே புரியாது. கறிவேப்பிலையை ஈரத்தோட தாளிப்புல போட்டா எண்ணெய் கையில தெறிக்கும், பொடிக்கு வறுக்கவும் காஞ்ச இலைதான் சீக்கிரம் மொறுமொறுன்னு வரும். லெட்யூஸ் வாங்கி சாலட் பண்றவங்களுக்கு சொல்லவே வேணாம், ஈர இலையில எலுமிச்சை, எண்ணெய், உப்பு எதுவும் ஒட்டாது, எல்லாம் வழிஞ்சு கிண்ணத்தோட அடியிலதான் நிக்கும்.

எல்லாத்தையும் விட எனக்குப் பெருசா பட்டது கொத்தமல்லி, புதினாவை கழுவி ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதுதான். ஈரத்தோட டப்பாவுல அடைச்சா ரெண்டு மூணு நாள்ல நடுவுல இருக்கிற இலை கறுத்து கொழகொழன்னு ஆயிடும், ஒண்ணு அழுக ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கிறதும் சேந்து போயிடும். அதனாலதான் நிறைய பேர் கழுவாமலே வச்சு, வேணுங்கிறப்ப எடுத்துக் கழுவுறாங்க, அது தப்பும் இல்ல. ஆனா காலையில குக்கர் ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் ஒரு பக்கம்னு ஓடுறப்ப மண்ணு போக கழுவி ஆய்ஞ்சு வச்ச புதினா கைக்கு ரெடியா இருந்தா சட்னி அஞ்சு நிமிஷம்தான். சுத்தி ஈரத்தை எடுத்துட்டு மெல்லிசு பருத்தித் துணியில சுருட்டி டப்பாவுல வச்சா வாரம் தாண்டியும் பச்சையா நிக்குது.

இதுக்கெல்லாம் போட்டியா ஏற்கனவே நம்ம வீட்டுல இருக்கிறது பழைய வேட்டித் துணி. அம்மா இன்னும் அதுலதான் பண்றாங்க, கழுவின கொத்தமல்லியை துணியில பரப்பி ஃபேனுக்கு கீழ வச்சிடுவாங்க. சத்தியமா சொல்றேன், ஈரம் போறதுல துணியை அடிச்சுக்க எந்த ஸ்பின்னராலயும் முடியாது, கடைசி சொட்டு வரைக்கும் போயிடும், காசும் கிடையாது. ஆனா அதுக்கு இடம் வேணும், நேரம் வேணும், மழைக்காலத்துல மணிக்கணக்கா ஆனாலும் காயாது, மறந்துட்டு வேற வேலைக்குப் போனா இலை வாடி துவண்டுடும். வாரத்துக்கு ஒரு கட்டு கொத்தமல்லிதான் உங்க கணக்குன்னா துணியே போதும், இதோட நிறுத்திக்கலாம். நாலஞ்சு கட்டு ஒரே நாள்ல வாங்கி வைக்கிற வீடுன்னா தொடர்ந்து படிங்க.

மூணு டைப்பும் உள்ள ஒண்ணுதான், வெளியில ஒரு கிண்ணம், உள்ள ஓட்டை போட்ட கூடை, மேல மூடி, மூடியில கூடையை சுத்த வைக்கிற அமைப்பு. வாஷிங் மெஷின்ல துணி பிழியுற அதே வேலைதான். கூடை சுத்துற வேகம் ரெண்டு மடங்கானா தண்ணியை வெளிய தள்ளுற விசை நாலு மடங்காகும், அதனால எந்த டைப்பா இருந்தாலும் வேகம் வந்துட்டா தண்ணி போயிடும். இந்த விஷயத்துல மூணுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் நான் பாக்கல. வாங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் எது நல்லா சுத்தும்னுதான் கேக்குறாங்க, அது அவ்வளவு முக்கியமில்ல.

கயிறு டைப்பை சீக்கிரம் முடிச்சிடுறேன். வெங்காயம் நறுக்குற கயிறு சாப்பர் நம்மள்ல பாதி பேர் வீட்டுல இருக்கும், அதே இழுப்புதான். வேகம் சட்டுனு வருது, சின்ன பசங்களுக்குக் கூட இழுக்க ஆசையா இருக்கு. ஜைலிஸ்னு ஒரு ஸ்விஸ் பிராண்ட் இதுல பேர் வாங்கினது. என் தயக்கம் அந்தக் கயிறு மேலதான், ஈரக்கையோட இழுத்து இழுத்து கயிறும் ஈரமாகி, அப்படியே உள்ள போய் சுருண்டுக்குது, உள்ள அது எப்பக் காயும்? நான் பாத்த வீட்டுல கயிறு பழுப்பேறிப் போய் ஒரு மாதிரி வாடை வந்துச்சு. ஒரே ஒரு பீஸை வச்சு மொத்த டைப்பையும் குறை சொல்லக் கூடாதுதான், ஆனா எனக்கு மனசு வரல.

பம்ப் டைப் உண்மையிலேயே சொகுசு. நடுவுல இருக்கிற குமிழை ஒரு கையால அழுத்த அழுத்த உள்ள இருக்கிற முறுக்குக் கம்பி கூடையை சுத்துது, பக்கத்துல இருக்கிற பிரேக் பட்டனைத் தட்டினா நின்னுடும். குமிழை கீழ அமுக்கிப் பூட்டி வச்சா மூடி தட்டையா ஆயிடும், மேல வேற பாத்திரம் அடுக்கலாம். ஆக்ஸோங்கிற வெளிநாட்டு பிராண்டோட மாடல்தான் இதுல ரொம்பப் பிரபலம், அதோட மூடியைக் கழட்டிக் கழுவலாம், அது பெரிய ப்ளஸ். இந்த அழுத்துற அமைப்பு எவ்வளவு வேகம் கொடுக்கும்னா, 2010ல அமெரிக்காவுல ரைஸ் பல்கலைக்கழகத்து மாணவிங்க ரெண்டு பேர் சாலட் ஸ்பின்னரையே வச்சு, கரன்ட் இல்லாத ஊர்ல ரத்தத்தைப் பிரிச்சு ரத்தசோகை இருக்கானு பாக்குற கருவி பண்ணினாங்க. அதைப் படிச்சப்ப எனக்கு இந்த டப்பா மேல மரியாதையே கூடிடுச்சு. பம்ப்ல ரெண்டு விஷயம்தான் இடிக்குது. வெளிநாட்டு பிராண்ட்னா விலை சாதாரண கைப்பிடி டைப்பை விட மூணு நாலு மடங்கு. இன்னொண்ணு ஸ்பிரிங், முறுக்குக் கம்பி, பிரேக்னு உள்ள பார்ட்ஸ் ஜாஸ்தி, ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணினா நம்ம ஊர் மிக்ஸி ரிப்பேர் கடையில கொடுத்து சரி பண்ற சமாச்சாரம் இல்ல.

இப்ப மூடி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கிறது. கிண்ணத்தையும் கூடையையும் சாதாரண பாத்திரம் மாதிரி தேய்ச்சுக் கழுவிடலாம், அதுல ஒரு பிரச்சனையும் வராது. மூடி அப்படி இல்ல. நிறைய மாடல்ல மூடிங்கிறது மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு, நடுவுல பல்சக்கரம்னு ஒட்டி மூடினது. சுத்துறப்ப தண்ணி பக்கவாட்டுல மட்டும் இல்ல, மேலயும் தெறிக்குது, குழாயில காட்டிக் கழுவுறப்பவும் கைப்பிடி ஓட்டை வழியா உள்ள இறங்குது. உள்ள போற தண்ணிக்கு வெளிய வர வழி கிடையாது. ஒட்டி மூடின மூடி ஒண்ணை கையில எடுத்து சாய்ச்சுப் பாத்தேன், ரெண்டு தட்டுக்கும் நடுவுல தண்ணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுறது கண்ணாலயே தெரிஞ்சுது, அதுல ஒரு துணுக்கு கொத்தமல்லி இலை கறுத்துப் போய் மிதந்துச்சு, ஓரத்துல கறுப்பு கறுப்பா புள்ளி. அந்த மூடிக்குக் கீழதான் நம்ம கழுவின இலை சுத்தப் போகுது. மண்ணும் அழுக்கும் போகணும்னு மூணு தண்ணி ஊத்திக் கழுவிட்டு கடைசியில பூசணம் புடிச்ச மூடியைப் போட்டு மூடுறதுல என்ன அர்த்தம் இருக்கு சொல்லுங்க.

சென்னை மாதிரி ஊர்ல இது இன்னும் மோசம், காத்துலயே ஈரம், மூடி தானா காயவே காயாது. போர் தண்ணி புழங்குற வீடுன்னா உப்பு வேற. கூடை உக்காந்து சுத்துற நடு முளையிலயும் சக்கரத்துப் பல்லுலயும் வெள்ளையா உப்பு படிஞ்சு, சுத்துறப்ப கரகரன்னு சத்தம் வரும், அப்புறம் இறுகும். கழட்டுற மூடின்னா இது ஒரு வேலையே இல்ல. என் மூடியில அடித்தட்டை லேசா திருகினா வந்துடும், உள்ள ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்ன சக்கரம், அவ்வளவுதான், எல்லாமே கண்ணுக்குத் தெரியும். பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு, உப்பு படிஞ்சிருந்தா பிழிஞ்ச எலுமிச்சைத் தோலால நல்லா தேய்ச்சு கொஞ்ச நேரம் விட்டு அலசி, பாத்திரக்கூடையில செங்குத்தா நிக்க வச்சா மறுநாள் காஞ்சிருக்கும். கொதிக்கிற தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, பிளாஸ்டிக் கோணிக்கிட்டா சக்கரம் சேராது.

கைப்பிடி டைப்பை நான் தூக்கிப் பேசுறதுக்குக் காரணமே இதுதான். பார்ட்ஸ் கம்மி, ஸ்பிரிங் இல்ல, கயிறு இல்ல, திறந்து பாத்தா எங்க அழுக்கு இருக்குன்னு தெரியுது. பிரேக் கூட தனியா தேவையில்ல, கைப்பிடியைப் பிடிச்சு நிறுத்தினா கூடை நின்னுடும். வேகத்தைக் கையிலயே கட்டுப்படுத்தலாம், இது புதினாவுக்கு ரொம்ப முக்கியம், மெல்லிசு இலை, வேகமா சுத்தினா சுவத்துல மோதி நசுங்கி நசுங்கின இடமெல்லாம் கறுத்துடும். புதினாவுக்கு மெதுவா, கறிவேப்பிலைக்கு எவ்வளவு வேகம் வேணாலும். குறையும் இருக்கு, ஒரு கையால மூடியை அழுத்திப் புடிச்சாதான் சுத்த முடியும், இல்லேன்னா மொத்த டப்பாவும் மேடையில நகந்து போகும், அடியில ரப்பர் இருந்தா கொஞ்சம் பரவாயில்ல. மணிக்கட்டு வலி இருக்கிறவங்களுக்கு இந்த சுத்தல் ஆகாது, அவங்க காசு பாக்காம பம்ப்புக்கே போங்க, அங்கயும் மூடி கழலுதான்னு மட்டும் பாத்துடுங்க. பல்சக்கரம் பிளாஸ்டிக்தான், வருஷக்கணக்குல தேயுமானு சொல்ற அளவுக்கு என்னோடது இன்னும் பழசாகல.

ஆன்லைன்ல வாங்குறவங்க மூடியோட அடிப்பக்கம் தெரியுற போட்டோ இருக்கானு தேடுங்க. விக்கிறவங்க பெரும்பாலும் கிண்ணத்துல பச்சைப் பசேல்னு இலையை நிரப்பிப் போட்ட போட்டோதான் போடுவாங்க, வாங்கினவங்க ரிவ்யூல போடுற போட்டோவுலதான் அடிப்பக்கம் கிடைக்கும். விவரத்துல மூடி கழலும்னு சொல்லலைன்னா கேள்வி பகுதியில கேட்டுட்டு வாங்குங்க. சிலதுல வெளிக்கிண்ணம் எவர்சில்வர்ல வருது, நமக்கு அதைப் பாத்ததும் ஆசை வரும், நல்லாவும் உழைக்கும், ஆனா மூடி என்னவோ பிளாஸ்டிக்தான், அதனால அதுக்காக கூடுதல் காசு கொடுக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. தண்ணி எவ்வளவு இறங்கியிருக்குன்னு வெளியில இருந்து தெரியாதுங்கிறது வேற.

சைஸ்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். ரெண்டு, மூணு லிட்டர்ல ஒரு கட்டு அரைக்கீரையை ஆய்ஞ்சு போட்டாலே ரொம்பிடும், ரொம்பினா நடுவுல இருக்கிற இலையோட தண்ணி அடுத்த இலையிலதான் போய் ஒட்டும், வெளிய வராது. கூடையில முக்கால் கூட வேணாம், பாதி போட்டு சுத்தி, கிண்ணத்துத் தண்ணியைக் கொட்டிட்டு, இலையை ஒரு தடவை கிளறி விட்டு திரும்ப சுத்தினா நல்லா போகும். கிளறாம ஒரே பக்கம் குவிஞ்சிருந்தா கூடை ஆடும்.

கழுவுறதுக்கும் அதே கிண்ணம்தான், நிறைய தண்ணி புடிச்சு கூடையோட கீரையை முக்கி அலசி, ஒரு நிமிஷம் சும்மா விட்டுட்டு கூடையை மட்டும் மேல தூக்குங்க. மண்ணு அடியில தங்கிடும். தண்ணியோட சேத்து சாய்ச்சு வடிச்சா அடியில இருந்த மண்ணு திரும்ப இலை மேலயே வந்து உக்காரும், முளைக்கீரையில இது நல்லாவே தெரியும். கொத்தமல்லிக்கு வேரையும் தடிச்ச தண்டையும் வெட்டிட்டுப் போடுங்க, இல்லேன்னா தண்டு கூடை ஓட்டை வழியா வெளிய நீட்டிக்கிட்டு கிண்ணத்துல உரசி சுத்த விடாது. முருங்கைக்கீரைதான் எந்த ஸ்பின்னருக்கும் சரி வராதது, உருவின இலை சின்னது, ஓட்டையில போய் அடைச்சுக்கும், ஒவ்வொண்ணா நோண்டி எடுக்கணும். கூடைக்குள்ள மெல்லிசு துணி ஒண்ணை விரிச்சு அதுல போட்டு சுத்தினா பாதி ஈரம் போகுது, மீதிக்கு ஃபேன்தான். ஈர்க்கோட கழுவி சுத்திட்டு அப்புறமா உருவுறது அதை விட சுலபம், நான் இப்ப அப்படித்தான் பண்றேன்.