60×60 என்று அச்சடித்த பைனாகுலரை நம்பாதீர்கள்

தூரத்து விலங்குகளைப் பார்க்க பைனாகுலர் தேடுகிறீர்களா? மேலே ‘60×60’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, முன் லென்ஸ் செக்கச்செவேலென்று மின்னும் சரக்கு கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள். ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் அதைத்தான் என் தலையில் கட்டினார்.

60×60 என்றால் 60 மடங்கு உருப்பெருக்கம், 60 மி.மீ. விட்டமுள்ள முன் லென்ஸ் என்று அர்த்தம். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். லென்ஸ் 32 மி.மீ.தான். அப்புறம் பைனாகுலரை வெளிச்சத்தைப் பார்த்துக் கைநீட்டிப் பிடித்தால், கண் வைக்கும் பக்கம் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். முன் லென்ஸின் விட்டத்தை அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் கிடைத்துவிடும். என்னுடையதில் வட்டம் 4 மி.மீ. அதாவது வெறும் 8 மடங்கு! அதுவும் முழு வட்டமில்லை, ஓரங்கள் மங்கிச் சதுரமாகத் தெரிந்தது. உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி, அதாவது ப்ரிஸம், மலிவானது என்பதன் லட்சணம் அது.

சரி, நிஜமாகவே 60 மடங்கு இருந்திருந்தால்? ஒளிவட்டம் 1 மி.மீ.தான் வரும். நல்ல பகலிலேயே நம் கண்மணி 2, 3 மி.மீ. திறந்திருக்கும், அந்தி நேரத்தில் இன்னும் விரியும். அதை நிரப்பாத சின்ன வட்டத்தில் காட்சி இருண்டுதான் தெரியும். பல விலங்குகள் வெளியே வருவதே அந்த நேரத்தில்தான். போதாததற்குக் கை நடுக்கமும் 60 மடங்காகத் தெரியும். 10 மடங்கைத் தாண்டினாலே ட்ரைபாட் இல்லாமல் சிரமம். காட்டுக்குப் போகிறவர்கள் 8×42, 10×42 என்று வாங்குவது சும்மா இல்லை.

சிவப்புப் பூச்சை ‘இரவுப் பார்வை’ என்று விற்கிறார்கள். சுத்தப் பொய். சிவப்பு ஒளியை அது வெளியே திருப்பி அனுப்பிவிடுவதால், காய்ந்த புல்லுக்குள் நிற்கும் மானின் செம்பழுப்பு நிறம் வெளிறிப் பச்சையடிக்கிறது. இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கிற ஒன்று இருட்டில் எப்படி உதவும்?

இதையெல்லாம்விட மோசம், இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாலே தலைவலி. கேட்டால், “பழகப் பழகச் சரியாகிவிடும் சார்” என்று பதில். கண் ஏன் பழக வேண்டும்? தூரத்துக் கூரை விளிம்பையோ மின்கம்பியையோ பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். ஒரு பக்கம் கோடு மேலேயும் மறுபக்கம் கீழேயும் தெரிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். திருப்பி எடுக்கும் கெடு முடியும்வரை பேசியே இழுத்தடிப்பார்கள்.

ஸ்கேலோடு படம் எடுத்து அனுப்பியபோது கிடைத்த விளக்கம்: ‘60×60 என்பது மாடல் பெயர், அளவு இல்லை.’ விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருவதாக இப்போது செய்தி வருகிறது. நான் நீக்குவதாக இல்லை.