கிரேக்கத் தலைக்கவசம்: முதலில் காதைப் பாருங்கள்

படங்களில் கிரேக்க வீரன் என்றாலே குதிரைமுடிக் கொண்டைதான் கண்ணில் நிற்கும். ஆனால் அதை வைத்து வகை பிரிக்க முடியாது. கொண்டை பல வகைகளுக்கும் பொது. முடியும் மக்கிப்போய், கைக்கு வருவது பெரும்பாலும் வெறும் வெண்கலம்தான். நான் முதலில் பார்ப்பது காது இருக்கும் இடத்தை.

காது மூடியிருந்தால் பெரும்பாலும் கொரிந்தியன் அல்லது இல்லிரியன் வகை. வாதுமை வடிவக் கண் துளைகள், நீண்ட மூக்குத் தகடு, கன்னங்களுக்கு நடுவே ஒரு கீற்று இடைவெளி என முகத்தையே விழுங்கியிருப்பது கொரிந்தியன். முழுவதையும் ஒரே வெண்கலத் துண்டிலிருந்து அடித்து எடுத்திருப்பார்கள். அந்தக் கைத்திறனுக்கு முன்னால் எனக்கு வேறெதுவும் நிற்காது. ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் பச்சை பூத்து, அங்கங்கே பொத்தலாகி இருக்கும் ஒன்றின் விளிம்பில் ‘மில்தியாடஸ் ஸேயுஸுக்குக் காணிக்கையாக்கினான்’ என்று வெட்டியிருக்கிறது. ஸேயுஸ் கிரேக்கர்களின் தலைமைக் கடவுள்; மில்தியாடஸ் என்பது கி.மு. 490இல் மாரத்தான் போரில் பாரசீகர்களை வென்ற ஏதென்ஸ் தளபதியின் பெயர்.

இதைப் போட்டால் காது சரியாகக் கேட்காது. அதனால் சண்டை இல்லாத நேரத்தில் நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக்கொள்வார்கள். கொரிந்து நகர நாணயங்களில் அதீனா தேவியும் மார்பளவுச் சிலையில் ஏதென்ஸ் தலைவர் பெரிகிளீஸும் இருப்பது அப்படித்தான். தென் இத்தாலியின் அபூலியாவில் இன்னும் ஒரு படி போய், தொப்பிபோல உச்சியிலேயே அணியும்படி செய்தார்கள். கண் துளைகள் வெறும் அலங்காரமாகிவிட்டன.

இல்லிரியனில் முகம் சதுரமாகத் திறந்திருக்கும், மூக்குத் தகடு கிடையாது. உச்சியில் முன்னும் பின்னுமாக ஓடும் இரண்டு வரம்புகளே அடையாளம். பெயரை நம்ப வேண்டாம்: இல்லிரியா மேற்கு பால்கன் பகுதி, ஆனால் இது தொடங்கிய இடம் தென் கிரேக்கத் தீபகற்பமான பெலோபொன்னீஸ்.

காதுக்கு வெட்டு விட்டிருந்தால் கால்கிடியன் அல்லது ஆட்டிக். குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். சின்ன மூக்குத் தகடு இருந்தால் கால்கிடியன், இல்லாவிட்டால் ஆட்டிக். கன்னத் தகடு கீலில் ஆடுவதை மட்டும் பார்த்து ஆட்டிக் என்று முடிவு கட்டாதீர்கள், கால்கிடியனிலும் கீல் உண்டு. மூக்குத் தகடு இல்லாவிட்டாலும், அது உடைந்துபோன தடம் புருவ நடுவில் இருக்கிறதா என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். கட்டளையும் கேட்டு, மூக்கும் தப்ப வேண்டும் என்றால் என் தேர்வு கால்கிடியன்தான்.

கூம்பு மட்டும் என்றால் பைலோஸ். சுற்றிலும் வளைந்து இறங்கும் விளிம்பு இருந்தால் பியோஷியன், குதிரை வீரர்களுக்குக் கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் பரிந்துரைத்தது. பார்வையை மறைக்காது என்பது அவர் சொன்ன காரணம். டைகிரிஸ் ஆற்றில் கிடைத்த ஒன்று ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.