பாய்க் கடைக்கு ஜாங்கோ: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தது

பத்தமடையில் எங்கள் உம்மா கோரைப்பாய் நெய்கிறாள். கல்யாணப் பாய் கேட்பவர்கள் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஒருமுறை பழைய செய்தியைப் பார்த்து வேறு பெயரை நெய்துவிட்டாள். அந்தப் பாய் இன்னும் பரண்மேல் சுருட்டிக் கிடக்கிறது. அதன் பிறகுதான் ஆர்டருக்கென்று ஒரு இணையதளம் எழுத உட்கார்ந்தேன்.

இணையதளம் எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகங்களில், பிஎச்பி மொழியில் லாராவெல், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் எக்ஸ்பிரஸ், பைத்தான் மொழியில் ஜாங்கோ என்று மூன்றையும் பார்த்தேன். பிஎச்பிக்கு மலிவான ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகை இடம், எங்கும் கிடைக்கும். எக்ஸ்பிரஸில் லாகினுக்கும் டேட்டாபேஸுக்கும் நாமே லைப்ரரி தேட வேண்டும். ஜாங்கோவை எடுத்தது அதன் அட்மினுக்காக, அதாவது தகவலை நிர்வகிக்க அதிலேயே வரும் பகுதிக்காக. நீளம், அகலம், சாயம், மணமக்கள் பெயர் என்று எதையெல்லாம் சேமிக்க வேண்டும் எனச் சொல்லும் மாடலை எழுதி அட்மினில் பதிவு செய்தேன். சேர்க்க, திருத்த, தேட எல்லாத் திரையும் தானாக வந்துவிட்டது. அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005இல் வெளிவந்தது ஜாங்கோ. நிரல் தெரியாத செய்தியாளர்களும் தட்டுவதற்கான திரை உம்மாவுக்கும் சரியாகப் பொருந்தியது. திரையில் நிரப்பும் கட்டங்களான புலங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன். மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் பொத்தான்கள் பலவும் தமிழில் வந்தன. சில ஆங்கிலமாகவே நிற்கின்றன.

நேர மண்டலத்தை முதலிலேயே ஆசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரமான யுடிசி கணக்குதான். விடியக்காலை நாலு மணிக்கு வந்த ஆர்டர் முந்தின நாள் தேதியில் நிற்கும்.

நடுவில், "கல்யாணத் தேதியையும் கேட்டு வாங்குலே" என்றாள் உம்மா. மாடலில் ஒரு வரி, அப்புறம் அந்த மாற்றத்தை டேட்டாபேஸில் ஏற்ற மேக்மைக்ரேஷன்ஸ், மைக்ரேட் என்று இரண்டு கட்டளைகள். பழைய ஆர்டர் ஒன்றும் கலையவில்லை.

என்னை மிகவும் வருத்தியது பக்க முகவரி. தலைப்பை முகவரியில் வரும் துண்டாக (ஸ்லக்) மாற்றித் தரும் ஜாங்கோவின் ஸ்லக்கிஃபை, சாதாரணமாக ஆங்கில எழுத்து, எண் போன்றவற்றை மட்டும்தான் விட்டுவைக்கும். தமிழ்ப் பெயர் கொடுத்தால் வெறுமைதான் வரும். தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடை அனுமதிக்கச் சொன்னால் 'பத்தமடை பாய்' என்பது 'பததமட-பய' ஆகிறது. உம்மா பார்த்துவிட்டு, "எலே, நான் போட்ட காலு, கொம்பு, புள்ளி எல்லாத்தையும் பிடுங்கிட்டே!" என்றாள். எழுத்துகளைத் தேடிப் பிரிக்கும் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. அதனால் வந்த வினை. தமிழ்க் குறிகளை விட்டுவைக்கும் சிறு ஃபங்ஷனை நானே எழுதினேன். ஸ்லக்கைச் சேமிக்கும் ஸ்லக்ஃபீல்டு என்ற புலமும் அதே காரணத்தால் தமிழ் முகவரியை ஏற்க மறுத்தது; சாதாரண எழுத்துப் புலமாக மாற்றினேன். முகவரி வடிவத்திலும் ஸ்லக் என்ற இடத்தில், எந்த எழுத்தையும் ஏற்கும் எஸ்டிஆர் (str) போட வேண்டியிருந்தது. இரண்டு ராத்திரி போயிற்று.

நாலு படமும் போன் நம்பரும் போதும் என்பவர்களுக்கு ஜாங்கோ தேவையில்லை. ஆர்டர் பதிவு வேண்டுமென்றால் 5.2 பதிப்பிலேயே தொடங்குங்கள். 2025 ஏப்ரலில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு அது. வெளிவந்ததிலிருந்து மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். தமிழ் முகவரியை மட்டும் முதல் நாளே சோதித்துவிடுங்கள்.