படர்தாமரைக்கு மெடிக்கலில் கொடுக்கும் ட்யூப்: வாங்கும் முன் கம்போசிஷனைப் படியுங்கள்

தொடை இடுக்கில் அரிப்பு என்று மெடிக்கலில் போய் நின்றால், "இதப் போடுங்க, ரெண்டே நாள்ல சரியாயிடும்" என்று ஒரு ட்யூப் கைக்கு வரும். சொன்ன மாதிரியே அரிப்பு அடங்கும். ஏமாறுவது அங்கேதான்.

அந்த ட்யூபில் பெரும்பாலும் மூன்று நான்கு மருந்துகள் கலந்திருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசோல் அல்லது பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் சட்டென்று அடக்குவது ஸ்டீராய்டுதான். அது பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையோடு போராடும் தோலின் எதிர்ப்பைத்தான் முடக்கும். பூசுவதை நிறுத்தியதும் அரிப்பு திரும்பும், இம்முறை இடுப்பு, பிட்டம் வரை. மறுபடி அதே ட்யூப். சில மாதம் இப்படிப் போனால் படர்தாமரையின் வட்ட விளிம்பே கலைந்து, தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் என்ன நோய் என்று சொல்வதே சிரமமாகிவிடும். ஸ்டீராய்டால் இடுக்கில் விழும் வரித்தழும்பு நிறம் மங்கும், முழுதாகப் போகாது.

பெயரிலும் ஒரு குழப்பம். கிளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, குளோபெட்டசோல் ஸ்டீராய்டு. கடைசி எழுத்துகளை நம்பாதீர்கள்.

எல்லாத் தோலும் மருந்தை ஒரே அளவில் உறிஞ்சாது. முன்கை உறிஞ்சுவதை 1 என்று வைத்தால் நெற்றி சுமார் 6, விதைப்பை சுமார் 42. கண் இமையில் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம்.

முகத்துக்கு விற்பது இன்னொரு கலவை: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. மங்கு என்ற கருந்திட்டுக்காக, டாக்டர் பார்வையில், இரவில் மட்டும், சில வாரங்களுக்குப் பூச வேண்டிய மருந்து இது. சிவப்பழகு க்ரீமாக மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், பரு வரும், முடி முளைக்கும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இன்னும் சிவந்து காந்தும். அதற்குப் பயந்தே மறுபடி பூசுவார்கள்.

ஸ்டீராய்டே விஷம் என்று சொல்லவில்லை. கரப்பான், சொரியாசிஸுக்கு அது நல்ல மருந்து. அளவும் நாளும் தெரிந்து பூச வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அகலத்துக்கு அது போதும். குளோபெட்டசோலை ஒரே மூச்சில் 2 வாரத்துக்கு மேல் பூசக் கூடாது, வாரத்துக்கு 50 கிராம் தாண்டக் கூடாது.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசியவர்கள் தாங்களாகக் கையாளாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். வீரியம் குறைந்ததுக்கு மாற்றிப் படிப்படியாக விடுவிப்பார்கள். உடம்பில் பரவலாகப் பூசியிருந்து தலைசுற்றல், அசதி இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். பூசிய ட்யூப்களை எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். "ஏதோ வெள்ளை க்ரீம்" என்றால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் மருந்து கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். அதற்கு பேட்ச் எண் போட்ட பில் கையில் இருக்கட்டும்.