பிராக் நகரத்துக் காட்டேரி தர்பார்: 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஐந்தாம் பதிப்பு, புதுச்சேரி மேஜையிலிருந்து ஒரு மதிப்புரை

ஏறக்குறைய 400 பக்கம், கெட்டி அட்டை. 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' என்ற, பாத்திரமேற்றுப் பேசி ஆடும் மேஜை விளையாட்டின் விதிநூல் முதலில் வந்தது 1991இல், இந்த ஐந்தாம் பதிப்பு 2018இல் வந்தது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு ரத்தக்காட்டேரியாகப் பேசுவார்கள். இழுபறி வந்தால் பத்து முகப் பகடை உருளும். புத்தகம் காட்டுவது இன்றைய நகரத்தை. அதை 1583க்கு இழுத்துக்கொண்டு போய், புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் தன் அரசவையை வியன்னாவிலிருந்து பிராகுக்கு மாற்றிய அந்த வருடத்தில் காட்டேரிகள் தங்களுக்குள் எப்படி ஆட்சி நடத்துவார்கள் என்று ஆட முடியுமா? முடியும். சண்டையும் வேட்டையும் புத்தகத்தில் உள்ளபடியே நன்றாக வருகின்றன. தர்பார் நடத்தத்தான் கையிலிருந்து கொஞ்சம் போட வேண்டியிருக்கிறது.

சட்டப் பகுதி கச்சிதம். கமரில்லா என்ற காட்டேரிகளின் ரகசிய அமைப்பு கதைக்கணக்கில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், 1493 தோர்ன்ஸ் உடன்படிக்கையை ஒட்டிக் காலூன்றியது. ஆக 1583இல் அதற்கு வயது 90தான். பழைய காட்டேரிகளுக்கு அது நேற்று முளைத்த சங்கம். சட்டம் ஆறு. மனிதர் கண்ணில் படாதே. அவரவர் எல்லைக்கு அவரவரே எசமான். அனுமதியில்லாமல் புதுக் காட்டேரியை உருவாக்காதே. உருவாக்கினால், விடுவிக்கும்வரை அது செய்யும் தப்புக்கெல்லாம் நீயே பொறுப்பு. வேற்றூர் போனால் அங்கே ஆள்பவரிடம் முதலில் முகம் காட்டு. இன்னொரு காட்டேரியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் மேலிடத்துக்கு மட்டும். இந்த ஆறையும் ஒரு தாளில் தமிழில் எழுதி மேஜை நடுவே வைத்துவிட்டால் போதும். முதல் மணி நேரத்துக்குள்ளேயே யாராவது ஒன்றை மீறியிருப்பார்.

பதவிகளும் தெளிவு. உச்சியில் பிரின்ஸ். காட்டேரி வம்சங்களான குலங்களின் தலைவர்கள் கூடிய பிரைமோஜன் சபை அவருக்கு ஆலோசனை சொல்லும், சில சமயம் கழுத்தையும் நெரிக்கும். செனஷல், பிரின்ஸ் இல்லாதபோது நாற்காலியைப் பார்த்துக்கொள்பவர். ஷெரிஃப் ஆளைப் பிடித்து வருவார். ஸ்கர்ஜ், அனுமதியின்றி உருவானவர்களைத் தேடி ஒழிப்பார். எலீசியம் என்ற பொது இடத்தில் கைகலப்பும் கூடாது, காட்டேரி சக்திகளும் கூடாது. அதைக் காப்பவர் கீப்பர். யார் மதிப்பு ஏறுகிறது, யார் மதிப்பு சரிகிறது என்று வாயாலேயே தீர்ப்பு எழுதுகிறவர் ஹார்பி.

சிக்கல் இதற்கப்புறம்தான். சபையில் ஓட்டு எப்படி? பிரைமோஜன்கள் சேர்ந்தால் பிரின்ஸை இறக்க முடியுமா? எத்தனை பேர் வேண்டும்? இதற்கெல்லாம் அரசியல் சட்டம் போல ஒன்றை எதிர்பார்த்துப் பக்கம் புரட்டினால் கிடைக்காது. பதவிகளைப் பற்றியே மூலப் புத்தகத்தில் சுருக்கமாகத்தான் இருக்கிறது. விரிவு அதே 2018இல் தனியாக வந்த கமரில்லா புத்தகத்தில். இது குறைதான், ஆனால் காரணம் இல்லாத குறை அல்ல. யார் புதுக் காட்டேரியை உருவாக்கலாம், யார் எந்தத் தெருவில் ரத்தம் எடுக்கலாம் என்ற இரண்டு அனுமதிகளும் பிரின்ஸ் கையில். அவருக்குக் கடன்பட்டவர் எத்தனை பேர், அவர் கடன்பட்டவர் எத்தனை பேர் என்பதுதான் மிச்ச அரசியல் முழுவதும். ஓட்டு எண்ணிக்கைக்கு அங்கே மதிப்பில்லை.

இந்தக் கடன்களைத் தாங்கத் தனி ஏற்பாடு வேண்டும். நம்மூர் மேஜைக்கு ஏற்றது கல்யாண வீட்டு மொய் நோட்டு. அதே நீள நோட்டு, அதே கோடு. கடன் நாலு வகை: துக்கடா, சிறுகடன், பெருங்கடன், உயிர்க்கடன். ஒவ்வொரு வரியிலும் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: பட்டவர், கொடுத்தவர், வகை, காரணம், சாட்சி. சாட்சி இல்லாதது கடனே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது சந்திப்பில் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று காட்டேரிகள் போய் மனிதர்களே சண்டை போடுவார்கள். நோட்டு ஹார்பி பாத்திரத்தின் கையில் இருக்கட்டும், கதை நடத்துபவரிடம் வேண்டாம். அந்த ஒரு மாற்றத்தில் ஹார்பி அலங்காரப் பதவியாக இல்லாமல் கருவூலக் கணக்கராகிவிடுகிறார். துக்கடாக்களை ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் அடித்துவிடவும். 20 வரியைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை.

நோட்டில் தவணைத் தேதி என்று ஆறாவது கட்டம் ஒன்று சேர்த்தால் பிராக் தானாகவே ஒரு வழக்கைக் கொடுக்கும். பிராகைத் தலைநகராகக் கொண்ட பொஹீமியா 1584 ஜனவரியில் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது: 6ஆம் தேதிக்கு அடுத்த நாள் 17. நோட்டில் இப்படி ஒரு வரி இருக்கட்டும் (காங்ரல், டிரெமேர் இரண்டும் குலப் பெயர்கள், புதுநகர் பிராகின் ஒரு பகுதி): "புதுநகர் காங்ரல், டிரெமேருக்கு. பெருங்கடன். ஸ்கர்ஜிடமிருந்து மறைத்ததற்கு. சாட்சி ஹார்பி. தவணை 1584 ஜனவரி 12 இரவு." அந்த இரவு வரவே இல்லை. கடன் தள்ளுபடியா, 17ஆம் தேதியே தவணை மீறலா, பத்து நாள் தள்ளி 22இலா? மனிதப் பேரரசரின் அரசாணை காட்டேரிகளைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கட்டுப்படுத்தும் என்றால் பிரின்ஸின் அதிகாரம் குறைகிறது, கட்டுப்படுத்தாது என்றால் ஊரோடு தேதி ஒட்டாது, முதல் சட்டம் ஆட்டம் காண்கிறது. ஒரு முழு மாலைக்கு இது போதும். ஒரு சண்டைக் காட்சிகூட வேண்டியிராது.

எல்லை பிரிக்க பிராக் அருமையான ஊர். 1784 வரை அது ஒரே நகராட்சி அல்ல: பழைய நகர், புது நகர், மாலா ஸ்ட்ரானா, ஹ்ரட்சானி என்று நாலு ஊர், நாலு நிர்வாகம். கிழக்குக் கரையில் இரண்டு, மேற்கில் இரண்டு, நடுவில் வல்டாவா ஆறு. 1841 வரை ஆற்றின் மேல் ஒரே பாலம், 1357இல் தொடங்கிய கல்பாலம், இரு முனையிலும் கோபுரம். இந்தப் பாலத்தை எந்த எல்லையில் சேர்ப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். யார் கையில் பாலமோ அவர் பிரின்ஸுக்கு அரைப் பங்காளி. மூச்சு விடத் தேவையில்லாதவர் ஆற்றடியில் நடந்தே அக்கரை போகலாம், உண்மைதான். ஆனால் சேறு படிந்த உடையோடு எலீசியத்துக்குள் நுழைந்தால் ஹார்பி சும்மா விடுவாரா? எலீசியத்தைக் கோட்டையில் வைக்கவே கூடாது. பேரரசரின் காவல் இருக்குமிடத்தில் 15 காட்டேரிகள் கூடுவது தற்கொலை. 1541 தீயில் மாலா ஸ்ட்ரானா பெரிதும் எரிந்து, பிறகு பிரபுக்கள் புது மாளிகை கட்டினார்கள். அவற்றில் ஒன்று பொருத்தம். நெருப்பு என்றாலே நடுங்குகிறவர்கள் எரிந்த மனையில் கூடுகிறார்கள் என்பதும் நல்ல சங்கடம். எல்லைக்குப் புத்தகம் தரும் மூன்று அளவுகள் ஷாஸ், லியென், போர்ட்டியோன்: ரத்த வளம், ஊரோடு உறவு, பாதுகாப்பு. பிரெஞ்சுப் பெயர்கள் என்பதால் புதுச்சேரிக்காரர்கள் உச்சரிப்பில் திணறுவதில்லை.

அடுத்து ஜனத்தொகை. ஒரு லட்சம் மனிதருக்கு ஒரு காட்டேரி என்பது பழைய பதிப்புகளிலிருந்து புழங்கிவரும் கணக்கு. 1600 வாக்கில் பிராகின் மக்கள்தொகை 60,000 அளவில். அந்தக் கணக்குப்படி அங்கே ஒரு முழுக் காட்டேரிக்குக்கூட இடமில்லை! தர்பார் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 12 முதல் 15 பேர் வேண்டும், ஆகவே விகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தீனியைக் கணக்கிடுவதே நல்லது. ஒவ்வொரு இரவும் விழிக்க ஒரு பகடை. 6க்குக் கீழே விழுந்தால் பசி ஒரு புள்ளி ஏறும். சராசரியாக இரண்டு இரவுக்கு ஒரு புள்ளி. உயிருக்குக் கேடில்லாமல் ஒருவரிடம் எடுத்தால் 2 புள்ளி தணியும். 15 பேருக்கு இரவொன்றுக்கு ஏழரைப் புள்ளி, அதாவது நாலு மனிதர்கள். மாதம் 120 பேர் காலையில் தலைசுற்றி எழுந்திருப்பார்கள். சக்தி எதையும் பயன்படுத்தாமல், வெறுமனே கண் விழிப்பதற்கு மட்டும் இவ்வளவு. பிரின்ஸ் ஏன் புது உருவாக்கத்துக்கு அனுமதி தர அஞ்சுகிறார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

ஐந்தாம் பதிப்பின் தனிச்சிறப்பே இந்தப் பசிதான். பசி எத்தனையோ, அத்தனை கறுப்புப் பகடைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்பு. சபையில் ஒரு பிரைமோஜனை இணங்க வைக்க 7 பகடை, பசி 3 என்று வைத்துக்கொள்வோம்: கறுப்பு 4, சிவப்பு 3. கறுப்பில் 10, 8, 6, 3. சிவப்பில் 10, 5, 1. 6உம் அதற்கு மேலும் வெற்றி, ஆக 4. இரண்டு 10 ஜோடி சேர்ந்ததால் மேலும் 2, மொத்தம் 6. அமோக வெற்றி, ஆனால் ஜோடியில் ஒன்று சிவப்பு. காரியம் முடிகிறது, கூடவே உள்ளே இருக்கும் மிருகமும் எட்டிப் பார்க்கிறது: இணங்கிய பிரைமோஜனின் மணிக்கட்டு உங்கள் பிடியில் நொறுங்குகிறது. எலீசியத்தில் ரத்தம்! இணக்கத்தைப் பெற்றவர் அடுத்த நிமிடம் கீப்பர் முன்னால் குற்றவாளி. தோற்று, சிவப்பில் 1 விழுந்திருந்தால் இதைவிட மோசம். மனவுறுதியில் ஒரு புள்ளி செலவழித்தால் மூன்று பகடை வரை திரும்ப உருட்டலாம், ஆனால் கறுப்பை மட்டும். ஆகவே பசியோடு அவைக்கு வராதே என்பது எழுதாத ஏழாவது சட்டம். பசியைச் சுத்தமாக 0 ஆக்க ஒருவரைக் குடித்துக் கொல்வதுதான் வழி என்பதையும் மறக்க வேண்டாம்.

பகடை விஷயம். நேரு வீதி ஸ்டேஷனரி கடைகளில் ஆறு முகம்தான் கேட்ட உடனே கிடைக்கும். பத்து முகத்துக்கு ஆன்லைனில் போடுவதே வழி: மேஜைக்கு 10 கறுப்பு, 5 சிவப்பு போதும், ஆளுக்கொரு செட் வேண்டியதில்லை. வரும்வரை சீட்டுக்கட்டில் ஆஸ் முதல் 10 வரை 40 சீட்டை வைத்து, சிவப்பைப் பசியாகக் கொண்டு ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் கலைக்க வேண்டும். ஒரு கோளாறு உண்டு. கறுப்பில் இரண்டே பத்துகள் இருப்பதால் பசியில்லாத 7 பகடைக்கு ஜோடி விழும் வாய்ப்பு 15 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்துவிடும். ஓரிரு மாலைக்குத் தாங்கும், தொடருக்கு ஆகாது.

காலத்துக்கு ஏற்ற மாற்றங்கள் சுருக்கமாக: டிரைவ் திறமைக்குக் குதிரையேற்றம், டெக்னாலஜிக்கு ரசவாதமும் கடிகார வேலையும். ரத்தப் பை குடித்து வாழும் 'பேகர்' வகையை நீக்கிவிடவும். இரவின் நீளத்தைத்தான் இங்கே எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். புதுச்சேரியில் வருடம் முழுக்க இரவு 11 மணி நேரத்துக்கும் சுமார் 12½க்கும் நடுவில்தான் இருக்கும்; ஆறுக்கு ஆறு என்பது மனதில் ஊறியது. பிராகில் ஜூன் இரவு 8 மணி நேரத்துக்கும் குறைவு, டிசம்பர் இரவு கிட்டத்தட்ட 16. கோடையில் வேட்டை, பாலம், அவை மூன்றையும் ஒரே இரவில் முடிக்க முடியாது. பெரிய வழக்கெல்லாம் குளிர்காலத்துக்குத் தள்ளப்படும். தவணை போடும்போதே கடன்காரர் அதைக் கணக்குப் பண்ண வேண்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு தேவை. பிராகின் யூதர் குடியிருப்பைக் காட்டேரிகளின் ரகசியத் தலைமையகமாக்கும் ஆசை பல கதை நடத்துபவர்களுக்கு வரும். செய்யாதீர்கள். யூதர்கள் மனித ரத்தம் எடுக்கிறார்கள் என்ற பொய்ப்பழி ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் உயிர்களைப் பறித்தது. பிராகிலேயே 1389 ஈஸ்டரில், நற்கருணை அப்பத்தை அவமதித்தார்கள் என்ற இன்னொரு பழியின் பேரில், அந்தக் குடியிருப்பில் படுகொலை நடந்தது. இப்படிப்பட்ட பழியை விளையாட்டாகத் திரும்ப மேடையேற்றுவது அசிங்கம். எதை மேஜைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளப் பின்னிணைப்பில் ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

பகலில் காரியம் பார்க்கும் மனித ஆள், காட்டேரி ஆட்சியின் கண்ணுக்குத் தெரியாத தூண். இந்தப் பாத்திரத்தை இங்குள்ளவர்கள் பிரமாதமாக ஆடுகிறார்கள், அதில் ஆச்சரியமில்லை. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு நம் ஊர்ச் சொத்து. கவர்னர் துய்ப்ளேக்ஸைப் பார்க்க வந்தவர் துபாஷியை, அதாவது பேச்சை மொழிபெயர்த்துக் காரியம் முடித்துத் தரும் உள்ளூர் ஆளை, தாண்டிப் போக வேண்டியிருந்ததும், யார் என்ன வெகுமதி கொண்டுவந்தார் என்பதும் அதில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. அவை மரியாதைக்கு அதில் நாலு பக்கம் படித்துவிட்டு வந்தால் புத்தகம் தராத நெளிவுசுளிவு கைவரும். யாரை நீ என்பது, யாரைத் தாங்கள் என்பது என்றும் முன்னதாகவே பேசிவைக்கவும். ஹார்பிக்கு அது ஒன்றே வம்புக்குப் போதும்.

வாங்கலாமா? அரசியல் பேசப் பிடித்த நாலைந்து பேர் இருந்தால், தாராளமாக. மூவர் என்றால் சபை கூட்ட முடியாது, ஆறு பேருக்கு மேல் போனால் ஒருவர் பேச ஐவர் போனைப் பார்ப்பார்கள். கதை நடத்துபவருக்கு மட்டும் அச்சுப் பிரதி, மற்றவர்களுக்கு அந்தந்தக் குலத்தின் பக்கங்களும் ஆறு சட்டமும் போதும். அச்சுப் பிரதிக்கு வெளிநாட்டிலிருந்து அனுப்பும் செலவும் சுங்கமும் சேரும், பிடிஎஃப் மலிவு. கமரில்லா புத்தகத்தை உடனே வாங்க வேண்டாம். மொய் நோட்டில் ஒரு பெருங்கடன் தீர்க்கப்படாமல் தங்கிய பிறகு யோசிக்கலாம். ஒரு சந்திப்புக்கு நாலு மணி நேரம் ஒதுக்கவும், பாத்திரம் உருவாக்க முதல் சந்திப்பு முழுவதும் போய்விடும். இடம் கடற்கரைச் சாலைப் பக்கமென்றால் மாலை 6க்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், பின் தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள்.